வீட்டில் வண்டிக்கு ஸ்ப்ரே பெயிண்ட்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

பெயிண்டில் குழி விழுந்தாலும் சரி, வெளுத்தாலும் சரி, வடிந்தாலும் சரி, கை பரபரப்பது ஒன்றுக்குத்தான்: மேலே இன்னொரு கோட் அடித்து மூடிவிடலாம். அங்கேதான் வேலை கெடுகிறது. முதலில் டிரிகரை விட்டு, கன்னைக் கொக்கியில் மாட்டுங்கள். மேலே இன்னொரு மெல்லிய கோட்டால் சரியாகும் கோளாறுகள் இரண்டு மூன்று உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறோம். மற்ற எதை மூடினாலும் அது அடியிலேயே கிடந்து, வெயிலும் மழையும் பட்டதும் மேலே வரும்.

இங்கே நினைத்து எழுதுவது போர்ட்டிகோவிலோ மாடியில் போட்ட ஷெட்டிலோ பைக் டேங்க், ஸ்கூட்டர் பேனல், கார் டோர் அடிப்பவரை. கையில் 1 அல்லது 2 எச்.பி. கம்பிரசர், மேலே கப் வைத்த கன். நாசில் அளவு கலருக்கும் அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மி.மீ., அடிக் கோட்டான பிரைமருக்கு 1.7 மி.மீ. அளவில். சுவருக்கு அடிக்கும் மின்சார ஸ்ப்ரேயர் வைத்திருந்தால் பிரைமர் வரை ஒப்பேற்றலாம். அதன் நாசில் பெரிது, துளியும் பெரிது. மெட்டாலிக்குக்கு அது ஆகாது.

எதைத் தொடுவதற்கு முன்பும் பழைய பெயிண்ட் எது என்று தெரிந்தாக வேண்டும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த துணியை, வெளியே தெரியாத ஒரு மூலையில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கலர் கரைந்து துணியில் வந்தால் அது என்.சி. பெயிண்ட். தோல் மாதிரி சுருங்கிக் கிளம்பினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் கம்பெனி பெயிண்ட், அல்லது இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடித்த பி.யு. (பாலியூரித்தேன்). இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்தே கீழே பாதி பதில்கள் மாறும். பிளாஸ்டிக் பேனலில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். தின்னர் அதன் அடியையே தின்றுவிடும்.

கன் துப்புகிறது, விசிறி கோணலாக விழுகிறது

வண்டியில் அடிக்கும் முன் ஒரு அட்டைப் பெட்டியில் அடித்துப் பாருங்கள். 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் ஒரு நொடி அழுத்தி விட்டால் நீள்வட்டமாக, இரு முனையிலும் சீராக மெலிந்து விழ வேண்டும்.

பிறை நிலா மாதிரி ஒரு பக்கம் வளைந்து விழுந்தால் ஏதோ ஒரு துளை அடைத்திருக்கிறது. ஏர் கேப்பை அரைச்சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். பிறையும் திரும்பினால் அடைப்பு ஏர் கேப்பில். திரும்பாமல் அப்படியே நின்றால் நாசிலில். கம்பியோ குண்டூசியோ போட்டுக் குத்த வேண்டாம். பித்தளைத் துளை ஒரு முறை பிசிறடித்தால் அந்தக் கேப் அவ்வளவுதான். தின்னரில் ஊறவைத்து, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி அதால் எடுங்கள். முழுக் கன்னையும் தின்னர் டப்பாவில் போட்டு வைப்பது பலருக்கும் பழக்கம். அதனால்தான் உள்ளே இருக்கும் பேக்கிங் கெட்டு அடுத்த முறை ஒழுகுகிறது.

நடுவில் கனமாகவும் ஓரத்தில் ஒன்றுமில்லாமலும் விழுந்தால் பெயிண்ட் கெட்டி, அல்லது காற்று போதவில்லை. இரண்டு முனையில் கனமாக, நடுவே மெலிந்து டம்பெல் மாதிரி விழுந்தால் நேர் எதிர்: காற்று அதிகம், அல்லது பெயிண்ட் நீர்த்துவிட்டது.

விட்டு விட்டுத் துப்பினால் மூன்று இடம் பாருங்கள். கப் மூடியில் உள்ள காற்றுத் துளை பெயிண்ட் காய்ந்து அடைத்திருக்கிறதா, நாசில் ஸ்பேனரால் சரியாக இறுக்கப்பட்டிருக்கிறதா, ஊசியைச் சுற்றியுள்ள பேக்கிங் வறண்டிருக்கிறதா. பத்தில் எட்டு முறை மூடித் துளைதான்.

பத்துப் பதினைந்து நொடி நன்றாக அடித்து, பிறகு துளி பெரிதாகிறது என்றால் கன்னில் குறையில்லை, கம்பிரசர் திணறுகிறது. 1 எச்.பி. கம்பிரசர் நிமிடத்துக்கு 3, 4 கன அடி காற்றுத்தான் தரும், எச்.வி.எல்.பி. கன் (நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடுவது) 8 கன அடிக்கு மேல் கேட்கும். பைக் டேங்க் அளவு பொருள் என்றால் ஒரு பாஸுக்குப் பிறகு, அதாவது கன்னை ஒரு முறை இழுத்து அடித்த பிறகு, கம்பிரசர் டேங்க் நிரம்பும்வரை காத்திருந்து சமாளிக்கலாம். கார் பானெட்டை அப்படி அடிக்க முடியாது. ஒரு ஓரம் காய்ந்துவிடும், மறு ஓரம் ஈரமாக இருக்கும்.

பிரஷரைக் கம்பிரசர் கேஜில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நீள ஹோஸில் பாதி வழியிலேயே குறையும். சின்ன ரெகுலேட்டர் ஒன்றைக் கன் அடியில் மாட்டி, டிரிகரை அழுத்திய நிலையில் பாருங்கள். சாதாரண கன்னுக்கு 40 பி.எஸ்.ஐ. சுற்றி, எச்.வி.எல்.பி.க்கு 28, 30.

சின்னச் சின்ன வட்டக் குழி: மீன்கண்

அடித்த சில நொடிகளிலேயே பெயிண்ட் விலகி, வட்டம் வட்டமாக அடி தெரியும். அடியில் எண்ணெய்ப் பசை அல்லது சிலிக்கான் இருக்கிறது என்பதுதான் அர்த்தம். எங்கிருந்து வந்தது என்பதைக் குழி விழுந்திருக்கும் விதமே சொல்லிவிடும்.

ஒரே இடத்தில் கொத்தாக, விரல் அகலத்தில் இருந்தால் கை பட்டிருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு பேனலைத் தூக்கி மாட்டியிருப்பீர்கள். நீளக் கோடாக வரிசையாக இருந்தால் துடைத்த துணி. பனியன் வேஸ்ட்டில் ஏற்கெனவே கிரீஸ் பட்ட துண்டு கலந்திருக்கும். கடைசித் துடைப்புக்கு அதை எடுக்கவே கூடாது. எங்கு பார்த்தாலும் சீராகத் தூவிவிட்டது போல் இருந்தால் காற்றில் வந்தது: டயர் பாலிஷ், டாஷ்போர்டு ஸ்ப்ரே, அல்லது கம்பிரசரின் ஆயிலே ஹோஸ் வழியாக.

கம்பிரசரைச் சந்தேகித்தால் இப்படிச் சோதிக்கலாம். சுத்தமாகத் துடைத்த கண்ணாடித் துண்டை எடுத்து, கப் காலியாக இருக்கும்போது ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரு நிமிடம் வெறும் காற்றை அதன் மேல் அடியுங்கள். கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாகப் படிந்து, சற்று நேரத்தில் தானே மறைந்தால் தண்ணீர். மறையாமல் நின்று, விரலால் இழுத்தால் வானவில் மாதிரி பரவினால் ஆயில். தண்ணீர் என்றால் டேங்க் அடியில் உள்ள டிரெயினைத் திறந்துவிட்டு, வாட்டர் டிராப்பைக் கம்பிரசர் வாயிலேயே மாட்டாமல் ஏழெட்டு மீட்டர் தள்ளி மாட்டுங்கள். கம்பிரசரிலிருந்து சூடாக வரும் காற்றில் தண்ணீர் ஆவியாகவே இருக்கும். குளிர்ந்து துளியான பிறகுதான் டிராப்பில் பிடிபடும். ஆயில் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. எந்த ஃபில்டர் போட்டாலும் தற்காலிகம்தான்.

சரி செய்வது: கலர் கோட்டில் நாலைந்து குழி மட்டும் என்றால் பத்து நிமிடம் காயவிட்டு, அந்த இடத்தில் மட்டும் தூரத்திலிருந்து உலர்வாக இரண்டு மூன்று முறை தூவி மூடலாம். அதற்கு மேல் என்றால் முழுக்கக் காயவிட்டு, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) குழியின் அடிவரை தேய்த்து எடுத்து, மறுபடி ஆரம்பியுங்கள். தேய்ப்பதற்கு முன்பும் பின்பும் வேக்ஸ் ரிமூவரால் துடைக்க வேண்டும். இரண்டு துணி முறையில்: ஒன்று நனைத்தது, ஒன்று காய்ந்தது. நனைத்ததால் துடைத்து, அது காய்வதற்குள் மற்றதால் ஒற்றி எடுப்பது. ரிமூவரைத் தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் இருந்த இடத்திலேயே மறுபடி படியும். முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு துடைப்பவர்கள் எண்ணெயை வாட்டர் பேப்பர் கீறலுக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

மீன்கண்ணுக்கென்று பெயிண்டில் கலக்கும் சொட்டு மருந்து கடையில் தருவார்கள். அதுவும் சிலிக்கான்தான். அந்தக் கோட்டைக் காப்பாற்றும். கன்னையும் இடத்தையும் அடுத்த வேலைக்குக் கெடுத்து வைக்கும். எங்கள் கருத்தில் வாங்கவே வேண்டாம்.

பால் ஊற்றியது போல் வெளுத்துப்போகிறது

இது என்.சி. பெயிண்டில், மழை நாளில் வருவது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் பனியாகப் படிந்து பெயிண்டுக்குள் சிக்குகிறது. 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் பனி படியத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 27 டிகிரி. அதாவது பேனல் மூன்றே டிகிரி குளிர்ந்தால் போதும். தின்னர் அதைச் சுலபமாகச் செய்துவிடும்.

அடுத்த கோட்டால் சரியாகும் கோளாறுகளில் இது ஒன்று. வெயில் வரும்வரை விட்டு, தின்னரில் ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்த்து மிக மெல்லிசாக ஒரு தூவல் கொடுங்கள். என்.சி. படலம் காய்ந்த பிறகும் தின்னரில் கரையும் என்பதால் மேல்பரப்பு இளகி, ஈரம் வெளியேறி, கலர் திரும்பும். திரும்பாவிட்டால் ஈரம் ஆழத்தில் இருக்கிறது. தேய்த்துத்தான் ஆக வேண்டும். ரிடார்டர் தின்னரில் 5 முதல் 10 சதவீதம் போதும். கூட்டினால் நாள்கணக்கில் மெத்தென்று இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் என்.சி. அடிக்காமல் இருப்பதே நல்லது. தையும் மாசியும் தோதான மாதங்கள். அப்போதும் பனி விலகிய பிறகு, காலை எட்டரைக்கு மேல், பதினொன்றுக்குள் முடியுங்கள்.

தோல் சுருங்கினாற்போல் கிளம்புகிறது

அடியில் இருப்பது எனாமல், மேலே அடித்தது என்.சி. அல்லது பி.யு. மேல் கோட்டின் தின்னர் அடிக் கோட்டைப் பாதி கரைத்து உப்பவைக்கிறது. பழைய பெயிண்ட் மட்டுமே காரணம் என்றில்லை. ஹார்டுவேர் கடையில் வாங்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் உரியது. அதுவும் எனாமல் சாதிதான். அதை வண்டிக்கு அடித்து மேலே பி.யு. போட்டால் இப்படித்தான் ஆகும்.

சுருங்கிய இடத்தைக் காயவிட்டுச் சுரண்டி, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, எபாக்சி பிரைமர் ஒரு கோட் கொடுத்து அடைத்துவிட்டு மேலே போகலாம். கை அகலத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் அடைக்கும் வேலை வீண். தகடு வரை உரித்துவிடுங்கள்.

வடிந்துவிட்டது

காரணம் யாருக்கும் தெரிந்ததுதான்: கன் கிட்டே போனது, கை மெதுவானது, முதல் கோட் ஈரப் பளபளப்பு போய் மேட் ஆவதற்குள் அடுத்தது போனது. தெரியாத காரணம் ஒன்று உண்டு. நிழலில் குளிர்ந்த பேனல். இரவு முழுக்க வெளியே கிடந்த டோரில் காலையில் அடித்தால், காற்று சூடாக இருந்தாலும் தகடு குளிர்ந்தே இருக்கும். தின்னர் ஆவியாகத் தாமதமாகி வடியும்.

ஈரமாக இருக்கும்போது விரல் வைக்காதீர்கள். கலர் கோட் என்றால் காய்ந்ததும் 800ல் தேய்த்து மறுபடி கலர். கிளியர் என்றால் இரண்டு நாள் முழுக்கக் காய விடுங்கள். பிறகு வடிந்த மேட்டின் இரண்டு பக்கமும், ஒட்டினாற்போல், மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சின்ன, கடினமான கட்டையில் 1000 பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, மேட்டை மட்டும் தேயுங்கள். டேப் லேசாகத் தேய ஆரம்பித்ததும் நிறுத்தி, டேப்பை எடுத்து, 1500, 2000, பிறகு மெருகேற்றும் காம்பவுண்டு. விரலால் பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் மேட்டைச் சுற்றியுள்ள நல்ல இடம் முதலில் தேயும். இரண்டு கோட் கிளியர் மொத்தமே 50 மைக்ரான் சுற்றித்தான், ஒரு தலைமுடி கனம்கூட இராது. வெள்ளையாக வர வேண்டிய தேய்ப்புத் தண்ணீர் கலராக வந்தால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள்.

ஆரஞ்சுத் தோலா, உப்புத்தாளா?

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் பளபளப்பில்லாத மேற்பரப்பு. விரலால் தடவினால் வேறு வேறு. வழுவழுப்பாக, ஆனால் மேடு பள்ளமாக இருந்தால் ஆரஞ்சுத் தோல். சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி உரசினால் துளிகள் பேனலை அடையும் முன்பே பாதி காய்ந்திருக்கின்றன.

ஆரஞ்சுத் தோலுக்குக் காரணம் கெட்டியான பெயிண்ட், குறைந்த காற்று. பெயிண்டின் கெட்டித்தன்மையை அளக்கும் பி4 கப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கப் நிறைய எடுத்து அடித்துளையைத் திறந்தால் ஓட்டம் அறுபடும்வரை கலருக்கு 15 முதல் 18 நொடி, கிளியருக்கு 16 முதல் 20 நொடி. கண்ணால் பார்த்துத் தின்னர் ஊற்றுகிறவர்கள் சித்திரையில் ஒரு மாதிரி, மார்கழியில் ஒரு மாதிரி முடிப்பார்கள்.

உப்புத்தாளுக்குக் காரணம் வெயில், காற்று, தூரம். வைகாசி நண்பகலில் சாதாரணத் தின்னர் நிற்காது, ஸ்லோ தின்னர் கேட்டு வாங்குங்கள். 25 செ.மீ.க்கு மேல் தள்ளிப் பிடித்தாலும், மணிக்கட்டை வளைத்து விசிறுவது போல் அடித்தாலும் ஓரங்களில் இது வரும். கை முழுதும் நகர வேண்டும், மணிக்கட்டு அல்ல.

கிளியரில் எது வந்தாலும் 1500, 2000, காம்பவுண்டு என்று மீட்டுவிடலாம், கனம் இருந்தால். கலரில் வந்தால் கிளியருக்கு முன்பே சரிசெய்யுங்கள். மேடு பள்ளத்தை மூடித் தரும் கிளியர் எங்குமே கிடைக்காது.

சில்வரில் புலி வரி, மேகத் திட்டு

மெட்டாலிக் கலரில் மட்டும். உள்ளே இருப்பது அலுமினியச் செதில்கள். ஈரம் அதிகமான இடத்தில் அவை மிதந்து குவிகின்றன. வரி வரியாக இருந்தால் ஒவ்வொரு பாஸும் முந்தையதன் மேல் சரியாக ஏறவில்லை: சாதாரணக் கலருக்குப் பாதி ஏறினால் போதும், மெட்டாலிக்குக்கு முக்கால் பங்கு ஏற வேண்டும். திட்டுத் திட்டாக இருந்தால் கோட் கனம்.

இதுவும் மேலே அடித்துச் சரியாவது. கோட் மேட் ஆகும்வரை, ஏறக்குறைய 10 அல்லது 15 நிமிடம், விடுங்கள். பிறகு கன்னைப் பத்து செ.மீ. கூடுதலாகத் தள்ளிப் பிடித்து, காற்றை ஐந்து பி.எஸ்.ஐ. குறைத்து, நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என்று மெலிதாகத் தூவுங்கள். செதில்கள் விழுந்த இடத்திலேயே நிற்கும்; வரி கரைந்துவிடும். மெட்டாலிக் கோட்டை வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு நேரே கிளியர் அடித்தால் தேய்த்த தடம் கறுப்பாக நிற்கும். ஒரு தூசியைத் தேய்த்து எடுத்தால்கூட மேலே கலர் தூவிய பிறகே கிளியர்.

கலர் எண் சரியாக இருந்தும் பக்கத்துப் பேனலோடு சேரவில்லை என்பதற்கும் இதே விளக்கம். ஈரமாக அடித்தால் மெட்டாலிக் கறுக்கும், உலர்வாக அடித்தால் வெளுக்கும். முதலில் ஒரு தகட்டுத் துண்டில் கலரும் கிளியரும் அடித்து, வண்டி மேல் வைத்து, வெயிலில் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து எடுத்த முடிவு மறுநாள் காலை மாறும்.

முழு வண்டிக்கும் வேறு கலர் மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யில் பதிந்த கலரும் மாற வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகம் போயாக வேண்டும். ஆலிவ் பச்சை மட்டும் கூடவே கூடாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதிப்படி அது ராணுவத்துக்கு மட்டும் உரியது.

ஊசிக் குத்து மாதிரி துளைகள்

கிளியர் அடித்து, சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தீர்களா? மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் மாட்டிய தின்னர் அதைக் குத்திக்கொண்டு வந்திருக்கிறது. முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் 10, 15 நிமிடம் விட்டு, முடிந்த பின் அரை மணியாவது நிழலில் வைத்திருந்தால் வந்திருக்காது. துளையின் அடிவரை தேய்த்து மறுபடி கிளியர் அடிப்பதுதான் வழி.

பள்ளத்தை நிரப்பும் பட்டி போட்ட இடத்தில் மட்டும் துளை என்றால் அது வேறு. கலக்கும்போது அடித்துக் குழைத்ததால் உள்ளே காற்று. பட்டியைத் தட்டில் அழுத்தித் தேய்த்துக் கலக்க வேண்டும். மாவு மாதிரி கிண்டக் கூடாது.

நாள் கணக்கில் பிசுபிசுக்கிறது

பி.யு. கிளியர் இரண்டு நாள் கழித்தும் நகம் பதிகிறது என்றால் காத்திருந்து பயனில்லை. காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

ஊற்றியது என்.சி. தின்னரா? இதுதான் மிக அதிகம். என்.சி. தின்னரில் ஆல்கஹால் உண்டு. ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் கிளியரோடு சேர வேண்டியதை விட்டு அதோடு சேர்ந்துவிடும். கிளியருக்கு பி.யு. தின்னர் மட்டும்தான்.

அளவு சரியா? டின்னில் 2:1 என்றிருந்தால் அது கொள்ளளவில். பைக் டேங்கும் இரண்டு சைடு பேனலும் என்றால் 200 மி.லி. கிளியர், 100 மி.லி. ஹார்ட்னர், 20 அல்லது 30 மி.லி. தின்னர் இரண்டு கோட்டுக்குப் போதும். இவ்வளவு சிறிய அளவைக் குத்துமதிப்பாக ஊற்றாமல் கோடு போட்ட கப்பிலோ மருந்துக் கடை சிரிஞ்சிலோ அளக்கவும். வேறு கம்பெனி ஹார்ட்னரை 'எல்லாம் ஒன்றுதான்' என்று தருவார்கள், ஒன்றல்ல.

ஹார்ட்னர் பழையதா? போன வருடம் திறந்து பாதி வைத்த டப்பா காற்றின் ஈரத்தை இழுத்துக் கலங்கியிருக்கும், மூடியைச் சுற்றி வெள்ளைக் கட்டி கட்டியிருக்கும். அதை எடுக்கவே வேண்டாம்.

காயாத கிளியரின் மேல் நல்ல கிளியர் அடித்துப் பயனில்லை. தின்னர் நனைத்த துணியால் மொத்தத்தையும் துடைத்தெடுத்து, கலரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹார்ட்னர் பற்றி இன்னொன்று. அதிலுள்ள ஐசோசயனேட் பனிமூட்டமாக மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒரு முறை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுக்கும் இழுக்கும். துணி மாஸ்க்கும் மெடிக்கல் மாஸ்க்கும் இதற்கு எதுவுமே செய்யாது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க் என்.சி. தின்னர் ஆவிக்கு உதவும், பி.யு. ஸ்ப்ரேக்கு வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க்தான் முறை. அது வீட்டில் யாரிடமும் இருப்பதில்லை. அதனால் எங்கள் யோசனை: தேய்ப்பு, பட்டி, கலர் வரை வீட்டில் செய்யுங்கள். மேட் ஆன கலரோடு பேனலைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், பெயிண்ட் பூத் உள்ள ஒர்க்ஷாப்பில் கிளியர் மட்டும் அடித்து வாங்குங்கள். ஒரு நாளுக்குள் போய்விட வேண்டும். தாண்டினால் கலர் மேல் மெல்லிசாக இன்னொரு தூவல் கொடுத்துவிட்டுத்தான் கிளியர். எந்தப் பெயிண்டானாலும் அடிக்கும் இடத்தில் கேஸ் அடுப்பு, பூஜை விளக்கு, ஃபிரிட்ஜ் எதுவும் கூடாது. தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து தூரம் போகும்.

தூசி, ஈசல்

தரையை நனைத்துவிட்டு அடியுங்கள், ஃபேனை அணையுங்கள், சட்டையில் நூல் பிசிறு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை விட்ட சாயங்காலம் லைட் போட்டு அடிப்பது ஈசலுக்கு அழைப்பு வைப்பது போல. விழுந்துவிட்டால் தொடாதீர்கள். காய்ந்த பிறகு உடல் உதிர்ந்துவிடும். கால் தடம் மட்டும் 2000 பேப்பரில் போகும். ஈரத்தில் எடுக்கப் போனால் விரல் அகலத்துக்குப் பள்ளம் மிஞ்சும்.

மழைக் காலம் வந்ததும் கொப்புளம்

ஆறு மாதம் நன்றாக இருந்து, முதல் அடைமழைக்குப் பிறகு, பட்டி போட்ட இடத்தில் மட்டும் கொப்புளம் கிளம்புகிறது. குத்திப் பார்த்தால் உள்ளே ஈரம், சில இடத்தில் துரு.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்ததன் பலன் இது. பாலியெஸ்டர் பட்டியில் பாதிக்கு மேல் டால்க் மாதிரியான பொடிதான்; பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். மேலே உலர்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் நிற்கும், பெயிண்ட் அதை உள்ளே அடைத்துவிடும். பட்டியை 80, 180, 320 என்று உலர்வாக மட்டும் தேயுங்கள். பிரைமர் ஏறிய பிறகு வாட்டர் பேப்பர், தண்ணீர் எல்லாம் எடுக்கலாம். கலருக்கு முன் கடைசித் தேய்ப்பு 600ல், மெட்டாலிக் என்றால் 800ல். தூசி பறக்கும் என்பதற்காகப் பட்டியிலும் தண்ணீர் விடுவது பழைய பழக்கம். இதற்கு மருந்து கிடையாது. தகடு வரை எடுத்து மறுபடி போட வேண்டும்.

அதே பட்டி இடத்தில் கொப்புளம் இல்லாமல் மஞ்சள் கறை மட்டும் கலரை மீறித் தெரிந்தால் ஹார்ட்னர் கூடிவிட்டது. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் கணக்கு. எலுமிச்சை அளவு பட்டிக்கு இரண்டு கொண்டைக்கடலை அளவு. வெயிலில் மூன்று நான்கு நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சமாகக் கலந்து பல முறை போடுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னர் பசையைக் கூட்டினால் கறைதான் மிஞ்சும்.

பட்டியின் ஓரம் வளையமாகத் தெரிந்தாலோ, வாரம் கழித்துத் தேய்ப்புக் கீறல் மேலே தெரிந்தாலோ பிரைமர் முழுக்கக் காயும் முன் தேய்த்து அடித்திருக்கிறீர்கள். தின்னர் போகப் போகப் பிரைமர் கீழே உட்கார்கிறது.

ஸ்கூட்டர் பேனலில் உரிகிறது, வெடிக்கிறது

பேனலின் உள்பக்கம் பாருங்கள், பிளாஸ்டிக் வகை பி.பி. (PP) அல்லது ஏ.பி.எஸ். (ABS) என்று அச்சிட்டிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் உள்பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சீவலைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பி.பி., மூழ்கினால் ஏ.பி.எஸ். ஆக இருக்கும். பி.பி.யில் எந்தப் பெயிண்டும் தானாக ஒட்டாது. அதற்கென்றுள்ள பிளாஸ்டிக் பிரைமர் மெல்லிசாக ஒரு கோட் போட்டு, அதன் டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் அடுத்ததை அடிக்க வேண்டும். ஏ.பி.எஸ்.ஸில் ஒட்டும், ஆனால் என்.சி. தின்னர் அதைத் தின்று மயிரிழை வெடிப்பு விழும். அதைத் தின்னரால் துடைப்பதே தவறு. சோப்புத் தண்ணீரும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும்.

டேங்க் மூடியைச் சுற்றி இளகுகிறது

பெட்ரோல் வழிந்த இடத்தில் பெயிண்ட் மெத்தென்றாகி விரலோடு வருகிறது என்றால் மேலே இருப்பது என்.சி. அல்லது டப்பா ஸ்ப்ரே லேக்கர். எத்தனை கோட் போட்டாலும் பெட்ரோலுக்கு நிற்காது. டேங்குக்கு ஹார்ட்னர் கலந்த பி.யு. கிளியர்தான், அதுவும் மூடியின் கழுத்து வளையத்துக்கு உள்ளே ஒரு விரல் அகலம் வரை இறங்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் மாஸ்கிங் டேப்பை வளையத்தின் வெளி விளிம்பிலேயே ஒட்டிவிடுவார்கள். பெட்ரோல் அந்த வெட்டு விளிம்பின் வழியாகத்தான் அடியில் புகுகிறது. டேங்கைக் கழற்றி, மூடியையும் கழற்றி, கழுத்துக்குள் துணிப் பந்து அடைத்து அடியுங்கள். அடித்து ஒரு வாரம்வரை டேங்கை முழுக்க நிரப்ப வேண்டாம். நிரப்பும்போது மூடியைச் சுற்றி ஒரு ஈரத் துணி கையோடு இருக்கட்டும்.